சமோவா 2019: ஊசியை நிறுத்திய தீவில் தட்டம்மை

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவின் டெக்சாஸில் 2025-இல் தட்டம்மை பரவிய செய்தி வந்ததிலிருந்து இங்கே நாலைந்து இழைகளில் ஒரே பேச்சுதான் ஓடுகிறது. "படிப்பறிவில்லாத கூட்டம், ஊசி போட மாட்டார்கள், அனுபவிக்கட்டும்." படித்துப் படித்து எரிச்சலாகிவிட்டது. அதனால் சமோவாவைப் பற்றித் தனியாக ஒரு இழை.

சமோவா பசிபிக்கில் இருக்கும் குட்டி நாடு. மொத்தமே சுமார் 2 லட்சம் பேர். 2019-ன் கடைசி மூன்று மாதங்களில் அங்கே 5,700 பேருக்கு மேல் தட்டம்மை வந்தது. 83 பேர் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் 5 வயதுகூட நிரம்பாத குழந்தைகள். இதே விகிதத்தைத் தமிழ்நாட்டுக்குப் போட்டால் கிட்டத்தட்ட 30 ஆயிரம் சாவு வரும். அப்படிப்பட்ட மூன்று மாதம்.

இதற்கு "ஊசிக்கு எதிரான மூடநம்பிக்கை" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நடந்தது வேறு.

2018 ஜூலை 6. சமோவாவின் சவாயி தீவில் ஒரு மருத்துவமனையில் ஒரு வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்ட சில நிமிடங்களில் இறந்துபோனார்கள். எம்எம்ஆர் பொடியாக வரும். அதற்கென்று வரும் நீரை விட்டுக் கலக்கித்தான் போட வேண்டும். அன்று அந்த நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசை தளர்த்தும் மருந்தை விட்டுக் கலக்கியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது அது. மூச்சுவிடும் தசையையும் சேர்த்தே நிறுத்திவிடும். தடுப்பூசி மருந்தில் எந்தக் குறையும் இல்லை.

அரசு என்ன செய்தது? நாடு முழுக்க எம்எம்ஆரை நிறுத்தியது. ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை, பல மாதங்கள். அந்தத் தவறுக்குக் காரணமான செவிலியர்கள் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 5 ஆண்டு தண்டனை பெற்றது 2019 ஆகஸ்டில். அதாவது "மருந்து கொல்லவில்லை, கலக்கிய திரவம்தான் கொன்றது" என்பது ஊரறிய உறுதியாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் முதல் டோஸ் போட்ட குழந்தைகளின் பங்கு மூன்றில் ஒன்றாக இறங்கிவிட்டது. 2019 அக்டோபர் 16 அன்று தட்டம்மை பரவுகிறது என்று அரசே அறிவித்தது.

என் வாதம் இதுதான்: அந்த 83 சாவுக்கு முதல் காரணம் வதந்தி இல்லை. நிறுத்தியதும், நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததும்தான்.

---

மணிமுத்தாறு

நல்ல இழை. ஆனால் வதந்தியை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது நண்பரே. 2019 ஜூனில் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் சமோவாவுக்குப் போனார். தடுப்பூசி எதிர்ப்பாளர்களைச் சந்தித்தார். நவம்பரில், அங்கே குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது, தடுப்பூசி மருந்திலேயே பிரச்சினை இருக்கலாம் என்று பிரதமருக்குக் கடிதம் வேறு எழுதினார். இன்று அவர்தான் அமெரிக்காவின் சுகாதாரச் செயலர். இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசினால் எப்படி?

---

உப்புக்காற்று

ஓரமாக வைக்கவில்லை, வரிசையைப் பாருங்கள் என்கிறேன். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே ஊசி போடாத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். 2018-க்கு முன்பே அந்த நாட்டில் தடுப்பூசி அளவு வருஷா வருஷம் சரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு அரசு மாதக்கணக்கில் ஊசியை நிறுத்தி வைத்தால் தாய்மார்கள் என்ன நினைப்பார்கள்? "அரசாங்கமே பயந்து நிறுத்தியிருக்கிறது, ஏதோ இருக்கிறது." இந்த நினைப்பை எந்த வெளிநாட்டு ஆளும் விதைக்க வேண்டியதில்லை. விதைத்தது அரசு, வந்தவர்கள் அறுவடை செய்தார்கள்.

பக்கத்தில் டோங்காவும் பிஜியும் இருக்கின்றன. அதே நியூசிலாந்துத் தொடர்பு, அதே ஃபேஸ்புக், அதே வதந்தி. டோங்காவில் நியூசிலாந்து போய்த் திரும்பிய பள்ளி ரக்பி அணி மூலமாகத் தட்டம்மை நுழைந்தது. சில நூறு பேருக்கு வந்தது. சாவு இல்லை. பிஜியிலும் சாவு இல்லை. இரண்டு நாடுகளிலும் 90 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டிருந்தார்கள்.

---

பனங்கீற்று

நான் ஆக்லாந்தில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். 2019-இல் இங்கே நடந்ததைக் கொஞ்சம் சொல்லவேணும். ஏனென்றால் சமோவாவுக்கு அந்த நோய் போனது எங்கட நகரத்திலிருந்துதான்.

அந்த வருஷம் நியூசிலாந்தில் 2,000 பேருக்கு மேல் தட்டம்மை வந்தது. பெரும்பகுதி தெற்கு ஆக்லாந்து. சமோவா, டோங்கா, மாவோரிக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். இங்கே இடைவெளி கைக்குழந்தைகளிடம் மட்டும் இல்லை. 15 முதல் 29 வயதுவரை உள்ள இளம் ஆட்களில் பலருக்குச் சின்ன வயதில் ஊசி விட்டுப்போயிருந்தது. போட்டார்களா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது, அட்டையும் இல்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நிற்க, மருந்து கையிருப்பு இறுகிவிட்டது. யாருக்கு முதலில் போடுவது என்று பிரிக்கவேண்டி வந்தது.

ஆக்லாந்திலிருந்து சமோவா நாலு மணி நேரப் பறப்பு. கல்யாணம், செத்த வீடு, தேவாலயக் கூட்டம் என்று சனம் போய்வந்துகொண்டே இருக்கும். "உங்கட நாட்டு நோயை அந்தச் சின்னத் தீவுக்கு ஏற்றுமதி செய்துபோட்டீர்கள்" என்று இங்கத்தைய அரசுக்கும் நல்ல ஏச்சு விழுந்தது. விழவேண்டிய ஏச்சுத்தான்.

எங்கட தெருவில் ஒரு சமோவாக் குடும்பம். அந்த நவம்பரில் அந்த வீட்டு ஆச்சி போன் அடித்தால் முதல் கேள்வியே "ஆர் வீட்டில் பிள்ளை?" என்பதுதான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த நாடு. 83 என்பது அங்கே இலக்கம் இல்லை, பெயர்கள்.

---

புதன்கிழமை

வணக்கம். நான் கிராம சுகாதாரச் செவிலியர், தென்மாவட்டம். பொதுவாக இங்கே வாசிப்பதோடு சரி. இந்த இழையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பொடியில் தண்ணீர் கலக்குவதில் என்ன தவறு வரப்போகிறது" என்று நினைக்காதீர்கள். எங்கள் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) மருந்தும் அப்படித்தான், உறைய வைத்து உலர்த்திய பொடி. கலக்கும் நீர் அதே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும். அதையும் முன்கூட்டியே குளிர வைத்திருக்க வேண்டும். கலக்கியதும் குப்பி மேல் தேதி, மணி எழுத வேண்டும். 4 மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் பாதி மீந்தாலும் கொட்ட வேண்டியதுதான். சில மருந்துகளைத் திறந்து வைத்து அடுத்த முகாமுக்கு எடுக்கலாம், இதை எடுக்கக்கூடாது. அதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் இல்லை.

இன்னொரு விதி, தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டியில் வேறு எந்த மருந்தும் இருக்கக்கூடாது. ஒன்றுமே இருக்கக்கூடாது. சில குப்பிகள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், அதே அளவு, அதே நிற மூடி. அவசரத்தில் கை எடுத்துவிடும். சமோவாவில் நடந்தது புதிதும் இல்லை. 2014-இல் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மை ஊசி முகாமில் இதே மாதிரி தசை தளர்த்தும் மருந்து கலந்து 15 குழந்தைகள் இறந்தார்கள். எங்கள் பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

அந்தச் செவிலியர்களுக்குத் தண்டனை கொடுத்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குப்பி அந்த அறைக்குள் எப்படி வந்தது என்ற கேள்வியை யாரிடம் கேட்பது?

---

நாட்டுமருந்து60

எல்லோரும் பயங்காட்டுகிறீர்கள். நான் 60-ஐத் தாண்டியவன். எங்கள் காலத்தில் தட்டம்மை வீட்டுக்கு வீடு வரும். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, இளநீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்தால் எழுந்து விளையாடப் போய்விடுவோம். என் அண்ணன், அக்கா எல்லோருக்கும் வந்தது, எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஒரு முறை வந்தால் ஆயுளுக்கும் வராது. இதற்கு எதற்கு ஊசி?

---

எண்கணக்கு

ஐயா, தட்டம்மையில் பிழைத்தவர்கள்தான் இன்று இங்கே தட்டச்சு செய்ய முடியும். போனவர்கள் வந்து மறுப்பு எழுத மாட்டார்கள்.

1963-இல் தடுப்பூசி வருவதற்கு முன் உலகத்தில் வருஷத்துக்கு 26 லட்சம் பேர் தட்டம்மையில் செத்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் பாட்டிகளிடம் "உங்களுக்கு எத்தனை பிள்ளை" என்று கேட்டால் "பெற்றது எட்டு, தங்கினது அஞ்சு" என்பார்கள். அந்த மூன்றில் தட்டம்மைக்கும் பங்கு உண்டு. அதுவும் பல நேரம் தட்டம்மை என்ற பெயரிலேயே போகாது. தடிப்பு அடங்கி, தண்ணீர் ஊற்றி, "அம்மை இறங்கிவிட்டது" என்று நிம்மதியானபின் இரண்டு வாரத்தில் நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ வந்து குழந்தை போகும்.

காரணம், இந்த வைரஸ் உடம்பின் பழைய நோயெதிர்ப்பு நினைவையே அழிக்கிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசி போடாத குழந்தைகளிடம் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றக் கிருமிகளுக்கு எதிராக ஏற்கெனவே இருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தது. தட்டம்மை மட்டும் திரும்ப வராது என்பது சரி. மற்றதெல்லாம் திரும்ப வரும்.

---

நாட்டுமருந்து60

சரி, ஊசி போட்டதும் செத்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கு என்ன பதில்? அந்தத் தாய் என் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தால், என் பேரனுக்கு ஊசி போடுங்கள் என்று எந்த முகத்தோடு நீங்கள் வந்து சொல்வீர்கள்?

---

உப்புக்காற்று

ஐயா, இந்த இழையிலேயே சரியான கேள்வி இதுதான்.

என் பதில்: மறுநாளே வந்து சொல்ல வேண்டும். "இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் தேடுகிறோம். அந்த மருத்துவமனையில் இருந்த குப்பிகளை எடுத்துவிட்டோம். மற்ற இடங்களில் இன்ன இன்ன சோதனை செய்தபின் இன்ன தேதிக்கு ஊசி மறுபடி தொடங்கும்." இவ்வளவையும் சொல்லலாம். நிறுத்துவதுகூடத் தவறில்லை, ஒரு பத்து நாள் நிறுத்தலாம். எப்போது தொடங்கும், ஏன் தொடங்குகிறோம் என்று சொல்லாமல் நிறுத்தினால் அந்த இடத்தை வேறு யாராவது நிரப்புவார்கள். சமோவாவில் நிரப்பினார்கள். வைட்டமின் சி, பப்பாளி இலைச் சாறு, காரநீர் தெளிப்பு என்று ஆளாளுக்கு ஒன்று விற்றார்கள். மூச்சுத் திணறும் குழந்தையை அங்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய், கடைசியாகத்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

---

பூண்டிஏரி

நான் திருவள்ளூர் மாவட்டம். சமோவா வரை போக வேண்டாம், இதே கதை எங்கள் ஊரில் நடந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கலவரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊர் முழுக்கப் போலீஸ். ஊசி போட்ட வீட்டில் எல்லாம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தார்கள்.

அதற்கப்புறம் தமிழ்நாட்டில் செவிலியர் கிராமத்துக்கு வந்து அங்கன்வாடியில் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும்தான் என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்காகத்தான், தப்பு சொல்லவில்லை. ஆனால் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண், கைக்குழந்தையோடு பஸ் பிடித்துப் போய் அரை நாள் உட்கார்ந்து வர வேண்டியிருந்தது. ஒரு தடவை போவாள். காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினால் மறு தடவை?

தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 2005-06-இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் சுமார் 81 சதவீதம். 2015-16-இல் சுமார் 70. கேரளாவோடு போட்டி போடுகிறோம் என்று மார்தட்டும் மாநிலத்தில் 11 புள்ளி போயிருந்தது. எல்லாம் இந்த ஒரு முடிவால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் பங்கு இருக்கிறது.

---

எண்கணக்கு

2020-21 ஆய்வில் திரும்ப 89-க்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சராசரியை நம்பி உட்காரக்கூடாது.

தட்டம்மை ஒருவரிடமிருந்து சராசரியாக 12 முதல் 18 பேருக்குப் போகும், ஊசியும் போடாமல் நோயும் வராதவர்கள் சுற்றி இருந்தால். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம்வரை காற்றில் இருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதனால் "அம்மை போட்டதும் தனியாகப் படுக்க வைத்தோம்" என்பது தாமதம்தான். இதையெல்லாம் வைத்துத்தான் 95 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். அதுவும் மாநிலத்துக்கு 95 போதாது. ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும்.

டெக்சாஸ் இதற்கு நல்ல உதாரணம். மழலையர் வகுப்பில் மாநில சராசரி 94-ஐ ஒட்டி இருந்தது. நோய் பரவிய கெயின்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 82. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். 2025 ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. 762 பேருக்கு நோய், பள்ளிப் பிள்ளைகள் இருவர் சாவு. அங்கே மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் அதிகம். ஆனால் அவர்கள் மதத்தில் ஊசிக்குத் தடை எதுவும் கிடையாது. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை என்று எதிலும் ஒட்டாமல் தனியே வாழ்ந்து பழகியவர்கள். உப்புக்காற்று சொல்வது போல, ஒவ்வொரு ஊரிலும் ஓட்டை வேறு வேறு காரணத்தால் விழுகிறது.

---

வடாபாவ்

மும்பை கோவண்டி 2022-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொரோனா முடக்கத்தில் ஊர் திரும்பியவர்கள், வீடு மாறியவர்கள், வழக்கமான ஊசி நின்றுபோனது. எல்லாம் சேர்ந்து அந்த அக்டோபர், நவம்பரில் வெடித்தது. ஒரே அறையில் ஏழு எட்டு பேர் இருக்கிற குடிசையில் யாரைத் தனியாகப் படுக்க வைப்பது?

---

மட்டுறுத்துநர்

பெயர் குறிப்பிடாமல் ஒரு வாட்ஸ்அப் செய்தியை இங்கே ஒட்டிய இருவரின் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆதாரம் இருந்தால் ஆதாரத்தோடு வாருங்கள். நாட்டுமருந்து ஐயாவின் கேள்விகள் இருக்கும், அவற்றை நீக்கச் சொல்லி எனக்குத் தனிமடல் அனுப்ப வேண்டாம்.

---

மணிமுத்தாறு

அப்புறம் சமோவாவில் எப்படி நின்றது? அதைச் சொல்லவே இல்லையே.

---

உப்புக்காற்று

நவம்பர் 15-இல் அவசரநிலை. பள்ளிகளை மூடினார்கள், பிள்ளைகள் கூட்டங்களுக்குப் போகத் தடை, ஊசி கட்டாயம். டிசம்பர் 5, 6 இரண்டு நாள் நாட்டையே மூடினார்கள். கடை, அலுவலகம், சாலை எல்லாம். யார் வீட்டில் ஊசி போடாத ஆள் இருக்கிறாரோ அந்த வீட்டு முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். கிடைத்த சிவப்புத் துணியை மரத்திலும் வேலியிலும் கட்டினார்கள். நம் ஊரில் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே அம்மை என்று தெரிந்து விலகிப் போவோம் இல்லையா, அங்கே அது தலைகீழ். துணியைப் பார்த்தால் ஊசிக் குழு வண்டியை நிறுத்தி உள்ளே போகும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஹவாய் என்று பல இடங்களிலிருந்து மருத்துவக் குழுக்கள் வந்திருந்தன. மாதக் கடைசியில் 95 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள், அவசரநிலை முடிந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்த மக்கள் ஊசியை வெறுத்தவர்கள் என்றால் யார் தானாகத் துணி கட்டுவார்கள்? கட்டாயச் சட்டம் இருந்தது, பயமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும் போட்டுக்கொண்டார்கள். அந்த வண்டி 2018-இலேயே வந்திருக்கலாம்.

---

நாட்டுமருந்து60

சட்டம் போட்டுப் போடவைத்ததை விருப்பம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன "மறுநாளே வந்து சொல்ல வேண்டும்" என்பது சரி. எங்கள் ஊரில் எந்த அதிகாரி அப்படி வந்து சொல்லியிருக்கிறார்?

---

பனங்கீற்று

ஐயா கேட்டதில் நியாயம் இருக்கு. இலங்கையிலும் பாருங்கோ, 2019-இல் தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று சான்றிதழ் வாங்கினோம். 2023-இல் திரும்ப வந்தது. சான்றிதழைச் சுவரில் மாட்டின பிறகு ஊர் ஊராகப் போகிற வேலை கொஞ்சம் தளர்ந்துபோகும்.

---

குட்டிமா_அம்மா

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். புதன்கிழமை அக்காவிடம் ஒரு கேள்வி. என் மகளுக்கு 3 வயது முடிந்துவிட்டது. 9 மாதத்தில் எம்ஆர் போட்டோம். இரண்டாவது ஊசி நேரத்தில் வீடு மாறினோம், அப்படியே விட்டுப்போனது. இப்போது போகலாமா, திட்டுவார்களா? முதலிலிருந்து திரும்பப் போட வேண்டுமா? ஒரு டோஸ் போதும் என்று மாமியார் சொல்கிறார்.

---

புதன்கிழமை

திட்ட மாட்டார்கள் தங்கை. யாராவது முகம் சுளித்தால் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது எம்ஆர் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியது. விட்டுப்போனால் 5 வயதுவரை அரசுத் திட்டத்திலேயே போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட ஒரு டோஸ்தான். 9 மாதத்தில் போடும் ஒரு டோஸில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கும், இரண்டில் சுமார் 97. அந்த மீதி 15 பேரில் உங்கள் மகள் இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதற்குத்தான் இரண்டாவது. மாமியாரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், முன்பு போட்ட இடத்தின் பெயரைச் சொன்னால் பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள். வலது மேல்கையில் போடுவார்கள். லேசான சளி இருந்தால் பரவாயில்லை, அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, குப்பியை உங்கள் கண்முன்னே கலக்கச் சொல்லிக் கேட்கலாம். மேலே மணி எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நல்ல செவிலியர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.